ஐம்பது விரல்கள்

கம்பத்தில் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் ஏதாவது ஒரு கிளினிக் வாசலை எட்டிப் பாருங்கள். உள்ளே எவ்வளவு கூட்டம் என்று செருப்புக் குவியலே சொல்லிவிடும். கருக்கலில் ஜீப் ஏறி, கம்பம்மெட்டு வழியாகவும் குமுளி வழியாகவும் மலைக்குப் போய், ஏலக்காய்த் தோட்டத்தில் நாள் முழுக்கக் குனிந்து நிமிர்ந்துவிட்டு இறங்கி வந்த பெண்கள், வீட்டுக்குக்கூடப் போகாமல் டோக்கன் வாங்கி உட்கார்ந்திருப்பார்கள். பக்கத்திலேயே திராட்சைத் தோட்டத்தில் மருந்தடித்துவிட்டு வந்தவர், இருமுகிற குழந்தை, சுகர் மாத்திரை தீர்ந்துபோன பெரியவர். உள்ளே ஒரே ஒரு டாக்டர். அவருக்கும் இந்தக் கூட்டத்துக்கும் நடுவில் வெள்ளை உடுப்பு போட்ட நாலைந்து பெண்கள். எல்லோரும் அவர்களை 'சிஸ்டர்' என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

அவர்களில் பெரும்பாலோர் நர்ஸ் இல்லை.

இது ஒன்றும் ரகசியமில்லை. சின்ன ஊர் கிளினிக்குகள் பலவற்றில் இதுதான் கதை. பிளஸ் டூ முடித்த பெண். காலேஜுக்குப் பணமில்லை. ஆறு மாசமோ ஒரு வருஷமோ எங்கோ படித்த ஒரு சான்றிதழ் இருக்கலாம், அதுவும் இல்லாமலும் இருக்கலாம். ஒரு டாக்டரிடம் சேர்கிறாள். முதல் மாசம் டோக்கன் கொடுக்கிறாள். மூன்றாவது மாசம் பி.பி. பார்க்கிறாள். ஆறாவது மாசம் ஊசி போடுகிறாள். சொல்லிக் கொடுத்தவள் யார்? அவளுக்கு முன்னால் இதேபோல வந்து சேர்ந்த இன்னொருத்தி. அமெரிக்காவில் இந்த வேலைக்கு 'மெடிக்கல் அசிஸ்டென்ட்' என்று பெயர் உண்டு, தனிப் படிப்பும் சான்றிதழும் உண்டு. நம் ஊரில் பெயரே கிடையாது. அதனால் எங்கள் பெயரைக் கடன் வாங்கிக்கொண்டிருக்கிறார்கள்.

அப்படி ஐந்து பெண்களுக்கு 'இன்சார்ஜ் சிஸ்டர்' ஆக வேலைக்குச் சேர்ந்தவள் நான். அதற்கு முன்பு 14 வருஷம் தேனியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ஸ்டாஃப் நர்ஸ். முதலில் வார்டு, அப்புறம் ஐ.சி.யூ. வீட்டுக் காரணங்களால் கம்பத்துக்கே வந்துவிட வேண்டியதாயிற்று.

"கிளினிக்தானே? நைட் டூட்டி கிடையாது. சேர்ல உக்காந்து அதிகாரம் பண்ணலாம். குடுத்து வச்சவ" என்று சொல்லித்தான் கூட வேலை பார்த்தவர்கள் அனுப்பி வைத்தார்கள். சேர் இருந்தது உண்மை. உட்காரத்தான் நேரமில்லை.

ஆஸ்பத்திரியில் என் வேலைக்கு ஒரு வேலி இருந்தது. இத்தனை கட்டில், இத்தனை நோயாளி, இத்தனை மணி நேரம். அலமாரியிலிருந்து மருந்தை எடுக்கும்போது ஒரு தடவை பெயரைப் படி, சிரிஞ்சில் ஏற்றும்போது ஒரு தடவை படி, குப்பியைக் கீழே வைக்கும்போது ஒரு தடவை படி என்று படிக்கும்போதே மண்டையில் ஏற்றியிருந்தார்கள். டூட்டி மாறும்போது கட்டில் கட்டிலாக நின்று 'ஓவர்' கொடுப்போம். எழுதாத வேலை செய்யாத வேலை. என் பத்து விரல் என்ன செய்ததோ அதற்கு நான் பொறுப்பு. டூட்டி முடிந்ததும் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு பஸ் ஏறிவிடலாம்.

கிளினிக்கில் கட்டில் இல்லை, சார்ட் இல்லை, ஓவர் இல்லை. டாக்டர் அறைக்குள்ளிருந்தே சொல்வார். பாதி வார்த்தை கதவுக்கு இந்தப் பக்கம் வந்து சேரும், பாதி ஃபேன் காற்றோடு போய்விடும். கூட்டமான நாளில் சாயங்காலம் மட்டும் நூறு டோக்கன் தாண்டும். ஊசி போடுகிற கை என்னுடையது இல்லை. பி.பி. பார்க்கிற காது என்னுடையது இல்லை. ஆனால் பதில் சொல்ல வேண்டியவள் நான். பத்து விரலோடு இருந்தவளுக்குத் திடீரென்று ஐம்பது விரல் முளைத்தால் எப்படி இருக்கும்? அப்படித்தான் இருந்தது.

அந்த ஐந்து பேரையும் ஊர் பெயரால் சொல்கிறேன். பெயர் வேண்டாம். சுருளிப்பட்டிக்காரி, கூடலூர்க்காரி, காமயகவுண்டன்பட்டிக்காரி, புதுப்பட்டிக்காரி, உத்தமபுரத்துக்காரி. மூத்தவளுக்கு 27, கடைசிக்காரிக்கு 19.

சேர்ந்த மூன்றாம் நாள் ஓ.பி. நோட்டைப் புரட்டினேன். முதல் ஆளுக்கு பி.பி. 120/80. அடுத்தவருக்கும் 120/80. அதற்கடுத்தவருக்கு வயசு எழுபது, அவருக்கும் 120/80. பக்கத்தைத் திருப்பினால் ஒரு 130/80. சும்மா ஒரு மாறுதலுக்குப் போட்ட மாதிரி இருந்தது. கம்பம் பள்ளத்தாக்கே இவ்வளவு ஆரோக்கியமாக இருந்தால் டாக்டர் கடையைச் சாத்திவிட்டுத் திராட்சை பயிரிடப் போகலாம்.

கூப்பிட்டுச் சத்தம் போட்டிருந்தால் அன்றைக்கே விஷயம் முடிந்திருக்கும். மறுநாள் முதல் 124/82, 118/76 என்று நம்புகிற மாதிரி எழுதியிருப்பார்கள். பி.பி. மெஷினை எடுத்து என் கையிலேயே கட்டிப் பார்த்தேன். பம்பை அழுத்தினால் முள் ஏறுகிறது. விட்டால் சரசரவென்று தானாகவே இறங்குகிறது. குழாயில் கீறல். ஸ்டெத்தில் ஒரு பக்கக் காதுக் குமிழ் இல்லை, பஞ்சைத் திணித்து வைத்திருந்தார்கள். தேவர்களே இறங்கி வந்தாலும் அதில் பி.பி. பார்க்க முடியாது.

"எப்ப இருந்தும்மா இப்படி இருக்கு?"

"பொங்கலுக்கு முன்னாடி இருந்தேக்கா."

நான் கேட்டது ஆனி மாசம்.

"ஏன் யாரும் சொல்லல?"

ஐந்து பேரும் தரையைப் பார்த்தார்கள். கடைசியில் கூடலூர்க்காரிதான் வாயைத் திறந்தாள். "முன்னாடி ஒரு அக்கா தெர்மாமீட்டர ஒடச்சதுக்குச் சம்பளத்துல புடிச்சிட்டாங்கக்கா. இதச் சொன்னா யாரு ஒடச்சதுன்னு கேப்பாங்கல்ல?"

அந்த நோட்டில் இருந்தது நோயாளியின் ரத்த அழுத்தம் இல்லை, இந்தப் பிள்ளைகளின் பயம். ஆறு மாசப் பயத்தை 120/80 என்று அழகான கையெழுத்தில் எழுதி வைத்திருந்தார்கள்.

டாக்டரிடம் பேசிப் புது மெஷின் வாங்கினோம். உடைந்தால் சம்பளத்தில் பிடிப்பதில்லை என்று அவர் வாயாலேயே சொல்ல வைத்தேன். அப்புறம் பாடம். வந்தவரை ஐந்து நிமிஷம் உட்கார வை. மலையிலிருந்து இறங்கி, கிளினிக் படியேறி வந்த மூச்சோடு பார்த்தால் கணக்கு தப்பும். கால் தரையில் பதிய வேண்டும். கையை மேஜைமேல் வை, நெஞ்சு உயரத்துக்கு. முதலில் மணிக்கட்டில் நாடியைப் பிடித்துக்கொண்டு காற்றேற்று. நாடி எங்கே மறைகிறதோ அதற்கு மேல் இன்னொரு முப்பது. அப்புறம் மெதுவாக இறக்கு. வருகிற எண்ணை எழுது. சரியாகக் கேட்கவில்லை என்றால் கேட்கவில்லை என்று எழுது. அதற்காக யாரும் உன்னைத் திட்டமாட்டார்கள்.

இந்தக் கடைசி வரியை அவர்கள் நம்ப மூன்று வாரம் ஆனது. நம்பிய அன்றைக்கு நடந்ததைச் சொல்கிறேன். காமயகவுண்டன்பட்டிக்காரி என்னிடம் ஓடி வந்தாள். "அக்கா, 180 வரைக்கும் ஏத்தியும் சத்தம் நிக்கல. நாடி துடிச்சுக்கிட்டேதான் இருக்கு. இன்னும் ஏத்தவா?" ஏற்றினோம். 212/116. அந்தப் பெரியம்மா தலைவலிக்கு ஊசி போட வந்தவர். எத்தனை மாசமாக அந்தத் தலைவலியோடு மலையேறி இறங்கினாரோ! போன தடவை அவர் வந்தபோது நோட்டில் என்ன எழுதியிருந்தது என்று உங்களுக்கே தெரியும்.

ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேல் என்றால் நமக்கெல்லாம் கைவிளக்கேந்திய காரிகைதான் ஞாபகம் வரும். 1854-இல் கிரீமியப் போருக்கு 38 நர்ஸ்களோடு போனவர், ராத்திரியில் விளக்கோடு வார்டு வார்டாக நடந்தவர். அந்தப் படத்துக்கு முன்னால் நின்று உறுதிமொழி எடுக்காத நர்ஸ் கிடையாது. ஆனால் அவர் 1859-இல் எழுதிய நர்ஸிங் பற்றிய சின்னப் புத்தகத்தைப் படித்தவர்கள் குறைவு. அதில் இரண்டு விஷயம் என்னை யோசிக்க வைத்தது. ஒன்று, அந்தப் புத்தகத்தை அவர் நர்ஸ்களுக்காக எழுதவில்லை. வீட்டில் நோயாளியைப் பார்த்துக்கொள்கிற, பயிற்சி இல்லாத சாதாரணப் பெண்களுக்காக எழுதினார். இன்னொன்று, அதில் நிர்வாகத்துக்கென்றே ஒரு அத்தியாயம் ஒதுக்கியிருக்கிறார். நீ இருக்கும்போது நடக்கிற காரியம் நீ இல்லாதபோதும் நடக்க வழி செய்திருக்கிறாயா என்பதுதான் அங்கே அவர் எழுப்புகிற கேள்வி. விளக்கைத் தூக்கிக்கொண்டு நடந்த அம்மாள், விளக்கை இன்னொருவர் கையில் கொடுப்பதைப் பற்றியும் யோசித்திருக்கிறார்.

அந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு கிளினிக்கைச் சுற்றிப் பார்த்தால் ஒவ்வொன்றாகத் தெரிய ஆரம்பித்தது.

ஊசி விஷயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். எங்கள் ஊரில் ஊசி போடாத டாக்டர் டாக்டரே இல்லை. "ஏத்தா, மாத்திரையெல்லாம் ஆகாது. ஒரு ஊசியப் போட்டுவிடு. வெள்ளென ஜீப்புக்குப் போகணும்" என்பார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. ஒருநாள் ஜீப்பைத் தவறவிட்டால் ஒருநாள் கூலி போச்சு. மாத்திரைக்கு ரெண்டு நாள் கொடுக்க அவர்களிடம் ரெண்டு நாள் இல்லை.

இடுப்பில் ஊசி போடுவதற்கு ஒரு இடம் இருக்கிறது. புட்டத்தின் ஒரு பக்கத்தை மனசுக்குள் கூட்டல் குறி போட்டு நாலாகப் பிரித்தால், வெளிப்பக்கம் மேலே இருக்கிற கால்வாசி. அதைத் தாண்டி உள்ளே, கீழே இறங்கினால் காலுக்குப் போகிற பெரிய நரம்பு இருக்கிறது. அதில் பட்டால் பாதம் தொங்கிப்போகும். மலையில் ஏறி இறங்கிப் பிழைக்கிறவளுக்குப் பாதம் தொங்கினால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

கூட்டல் குறி பாடத்தை ஐந்து பேருக்கும் நடத்தினேன். பேப்பரில் வரையச் சொன்னால் ஐந்து பேரும் சரியாக வரைந்தார்கள். ஆனால் ஆளுக்குப் போடும்போது கை கீழேதான் இறங்கியது. நின்று கவனித்தேன். ஊசி போடுகிற இடம் நடைபாதை ஓரம். ஆம்பளைகள் போய் வருகிற வழி. புடவைக் கொசுவத்தைத் தளர்த்த எந்தப் பெண்தான் சம்மதிப்பாள்? கிடைத்த இடைவெளியில் அவசரமாகக் குத்திவிட்டு வருகிறார்கள். இது தெரியாமல் வந்த குறை கிடையாது, மறைப்பு இல்லாமல் வந்தது. ஒரு கம்பி, நாலு மீட்டர் துணி, ஒரு ஸ்டூல். அவ்வளவுதான் செலவு. திரை தொங்கிய மறுநாள் எல்லா ஊசியும் தன் இடத்துக்குப் போய்விட்டது.

நான் இந்த வேலையில் கற்றுக்கொண்ட பெரிய பாடம் இதுதான். மேற்பார்வை என்றால் ஆளைப் பார்ப்பது என்றுதான் நினைக்கிறோம். முதலில் ஆள் நிற்கிற இடத்தைப் பார்க்க வேண்டும். பத்துக்கு ஆறு தப்பு அங்கேதான் உட்கார்ந்திருக்கிறது.

சிரிஞ்ச் விஷயத்தில் மட்டும் நான் கறார். 2009 தொடக்கத்தில் குஜராத்தில், அப்போதைய சபர்காந்தா மாவட்டத்தில் மோடாசா பக்கம் பி வகை மஞ்சள் காமாலை பரவி டஜன் கணக்கில் ஆட்கள் செத்துப்போனார்கள். கிளினிக்குகளில் ஒருவருக்குப் போட்ட சிரிஞ்சையே இன்னொருவருக்கும் பயன்படுத்தியதுதான் காரணம் என்று கண்டுபிடித்தார்கள். டாக்டர்களே கைதானார்கள். இந்தக் கதையை நான் எங்கள் பிள்ளைகளுக்கு முதல் வாரமே சொல்லிவிடுவேன். நோயாளி கண் முன்னால் உறையைப் பிரி. போட்டு முடித்த ஊசிக்கு மூடி போடாதே, கையில் குத்தும். நேரே கட்டரில் வை. ஊசி வெள்ளை டப்பாவுக்கு, சிரிஞ்ச் சிவப்புப் பைக்கு, ரத்தப் பஞ்சு மஞ்சள் பைக்கு, கண்ணாடிக் குப்பி நீலத்துக்கு. 2016-இல் வந்த மருத்துவக் கழிவு விதிகள் சொல்வது இதைத்தான். விதி என்று சொன்னால் மனசில் நிற்காது. "நம்ம குப்பைய அள்ளுறவர் கையில குத்துனா அவர் புள்ளைக்கு யாரு சோறு போடுவா?" என்று கேட்டேன். நின்றுவிட்டது.

நான்தான் எல்லாம் சொல்லிக் கொடுத்தேன் என்று நினைத்துவிடாதீர்கள். எனக்குத் தெரியாததும் அவர்களுக்குத் தெரியும்.

எங்கள் பக்கத்து பன்னீர் திராட்சைக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. வருஷம் முழுக்க ஏதோ ஒரு தோட்டத்தில் அறுப்பு நடக்கும். அதற்கு விலையாக, வருஷம் முழுக்க ஏதோ ஒரு தோட்டத்தில் மருந்தடிப்பும் நடக்கும். ஒரு சாயங்காலம் நாற்பது வயசுக்காரர் ஒருவரைக் கைத்தாங்கலாகக் கூட்டி வந்தார்கள். "வெயில்ல நின்னாரு, மயக்கமா வருதாம், ஒரு குளுக்கோஸ் ஏத்துங்க" என்றார்கள். நான் உள்ளே ஒரு சர்க்கரைப் புண்ணுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தேன். சுருளிப்பட்டிக்காரி கதவைத் தட்டினாள்.

"அக்கா, வெயில் மயக்கம் இல்லக்கா. எங்கப்பா மருந்தடிச்சிட்டு வந்தா சட்டையில ஒரு வாடை வரும். அந்த வாடை இவர்மேல வருது. வாயில எச்சி ஒழுகுது. வேர்த்துக் கொட்டுது. கண்ணு மணி குண்டூசித் தலை மாதிரி இருக்கு."

வாடை அவள் அப்பாவிடமிருந்து கற்றது. கண்மணியைப் பார்க்கக் கற்றது கிளினிக்கில். இரண்டும் ஒருத்திக்குள் சேர்ந்ததால் அவர் பிழைத்தார். டாக்டர் ஓடி வந்தார். பூச்சிமருந்து விஷம்தான். சட்டையைக் கழற்றி உடம்பைக் கழுவி, அட்ரோபின் போட்டு, 108-ஐ வரவழைத்தோம். அங்கேயிருந்து க.விலக்கு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி ஐம்பது கிலோமீட்டருக்கு மேல். குளுக்கோஸ் ஏற்றி ஓரமாகப் படுக்க வைத்திருந்தால் அந்த ஐம்பது கிலோமீட்டருக்கு நேரம் இருந்திருக்காது. பத்து நாளில் வீட்டுக்கு வந்துவிட்டார். இப்போதும் மருந்தடிக்கத்தான் போகிறார். வேறு என்ன செய்வார்?

இவ்வளவு நல்லதாக நடந்தால் எல்லோருக்கும் சந்தோஷம்தானே என்று கேட்பீர்கள். இல்லை.

தேனியில் என்னோடு வேலை பார்த்தவள் ஒருநாள் போனில் பிடித்துக்கொண்டாள். "நாம மூணு வருஷம் ராத்திரி பகல்னு பாக்காம படிச்சோம். கவுன்சில்ல பதிவு பண்ணோம். நீ என்னன்னா அதையெல்லாம் பிளஸ் டூ புள்ளைங்களுக்கு மூணு மாசத்துல அள்ளிக் குடுக்கற. நாளைக்கு அவங்க எட்டாயிரத்துக்கு வருவாங்க. நமக்கு எவன் வேல குடுப்பான்? நம்ம வேலைக்கு நீயே குழி பறிக்கற."

கோபத்தில் சொன்னாலும் அவள் சொன்னதில் நியாயம் இருக்கிறது. நர்ஸ்களுக்கான பதிவுச் சட்டம் நம் மாகாணத்தில் 1926-லேயே வந்துவிட்டது. படித்துப் பதிவு செய்தவள்தான் நர்ஸ் என்று எழுதி வைத்து நூறு வருஷம் ஆகப்போகிறது, ஆகியும் விட்டது. தனியார் மருத்துவ நிலையங்களை ஒழுங்குபடுத்தத் தமிழ்நாட்டில் 1997-இல் சட்டம் வந்தது. அதற்கு விதிகள் எழுத 2018 வரை ஆயிற்று. 2016-இல் உச்ச நீதிமன்றம் சொன்னதன் பேரில் மத்திய அரசு அமைத்த குழு, 50 படுக்கைக்குக் குறைவான தனியார் ஆஸ்பத்திரியானாலும் நர்ஸுக்கு மாசம் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது என்று பரிந்துரைத்தது. அந்தக் கணக்கை எந்தச் சின்ன ஊர் நர்ஸிடமாவது சொல்லிப் பாருங்கள், சிரிப்பாள். படித்தவளுக்குக் கொடுக்க மனசில்லாத சம்பளம்தான் படிக்காதவளுக்கு வெள்ளை உடுப்பு மாட்டிவிடுகிறது. இதில் அந்தப் பெண்ணுக்கும் லாபமில்லை. "மலைக்குப் போனா இதவிடச் சம்பாதிப்பா. ஏதோ நெழல்ல இருக்கட்டும்னுதான் அனுப்புறேன்" என்று புதுப்பட்டிக்காரியின் அம்மா என்னிடமே சொன்னார்.

தோழிக்கு நான் சொன்ன பதில் இவ்வளவுதான்: "நான் சொல்லிக் குடுக்கலேன்னாலும் அவங்க ஊசி போடத்தான் போறாங்க. குத்துப்படப் போறது நம்ம ஊர்ச் சனம்."

ஆனாலும் அந்த போன் என்னைச் சும்மா விடவில்லை. எங்கே கோடு போடுவது? ஒரு அட்டையில் எழுதிச் சுவரில் மாட்டினேன். இடது பக்கம் இவர்கள் செய்யலாம்: எடை, காய்ச்சல், நாடி, பி.பி., விரல் நுனியில் சர்க்கரை, புண் துடைப்பது, மருந்துச் சீட்டைப் படித்து விளக்குவது. நடுவில், டாக்டரோ நானோ பக்கத்தில் நின்றால் மட்டும்: இடுப்பு ஊசி. வலது பக்கம், என்ன அவசரமானாலும் கிடையாது: ரத்தக் குழாயில் போடுகிற ஊசி, டிரிப்ஸ், போனில் கேட்கிறவருக்கு மருந்து சொல்வது.

அந்த வலது பக்கத்துக்குச் சோதனை சீக்கிரமே வந்தது. கூட்டம் நெரிந்த ஒரு திங்கட்கிழமை. நான் ஒரு குழந்தைக்கு ஊசி போட்டுக்கொண்டிருக்கிறேன். ஐ.வி. ஊசிக்கு மூன்று பேர் காத்திருக்கிறார்கள். "அந்தப் பொண்ணையே போடச் சொல்லுங்க சிஸ்டர். அதுதான் நல்லாப் பாக்குதே" என்றார் டாக்டர். கூடலூர்க்காரியும் தயாராகத்தான் இருந்தாள். கை நடுங்காது அவளுக்கு.

"இல்ல சார். ரத்தத்துல நேரா போற மருந்து. ஒத்துக்காம மூச்சு அடைச்சா அடுத்த ரெண்டு நிமிஷத்துல என்ன செய்யணும்னு அவளுக்குத் தெரியாது. போடத் தெரியறது வேற, போட்டப்புறம் நடக்கறதத் தாங்கத் தெரியறது வேற. நான் வந்து போடறேன்."

மூன்றில் ஒருவர் பொறுமையில்லாமல் எழுந்து எதிர்த்த கிளினிக்குக்குப் போய்விட்டார். டாக்டர் இரண்டு நாள் என்னிடம் தேவைக்கு மேல் பேசவில்லை. மூன்றாம் நாள் அட்டையைக் கழற்றச் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். சொல்லவில்லை. அட்டை இன்றைக்கும் தொங்குகிறது. எதிர்த்த கிளினிக்கிலும் இன்றைக்குக் கூட்டம் இருக்கிறது. அங்கே அட்டை இல்லை.

இந்த மாதிரி கோடு போட்டு, சாதாரணப் பெண்களை நம்பி வேலை கொடுக்க முடியும் என்பதற்கு நம் கண் முன்னாலேயே உதாரணம் உண்டு. 2021 ஆகஸ்டில் தமிழ்நாட்டில் 'மக்களைத் தேடி மருத்துவம்' ஆரம்பித்தபோது, சுய உதவிக் குழுப் பெண்களைத்தான் வீடு வீடாக பி.பி.யும் சர்க்கரையும் பார்க்க அனுப்பினார்கள். அவர்களும் நர்ஸ் இல்லை. ஆனால் என்ன செய்யலாம், என்ன செய்யக் கூடாது என்று அவர்களுக்குத் தெரியும். எண் அதிகமானால் யாரிடம் சொல்வது என்றும் தெரியும். 2024-இல் அந்தத் திட்டத்துக்கு ஐ.நா. விருதும் வந்தது. படிக்காத கை என்பதால் மட்டும் ஆபத்து வருவதில்லை. பின்னால் யாருமே நிற்காத கையால்தான் வருகிறது.

சுருளிப்பட்டிக்காரி போன வருஷம் வேலையை விட்டுவிட்டாள். இரண்டு வருஷ ஏ.என்.எம். படிப்பில் சேர்ந்திருக்கிறாள். விண்ணப்பம் எழுதிக் கொடுத்தது நான். டாக்டர் சிரித்துக்கொண்டே, "நல்லாத் தேறுன ஆளா பாத்து அனுப்பிட்டீங்களே சிஸ்டர்" என்றார். எனக்கும் கை ஒடிந்த மாதிரிதான் இருந்தது. ஆனால் அந்த வெள்ளை உடுப்பு அவளுக்குக் கடனாக இருந்தது. இனிமேல் சொந்தமாகட்டும். மற்ற நாலு பேருக்கும் அந்த வழி இல்லை. கூடலூர்க்காரிக்கு இரண்டு குழந்தைகள், படிக்கப் போக முடியாது. எத்தனை நன்றாக வேலை கற்றாலும் அவள் கையில் ஒரு காகிதம்கூட இருக்காது. நான் சொல்லிக் கொடுக்கிற எதற்கும் சான்றிதழ் கிடையாது என்பது எனக்கு உறுத்திக்கொண்டே இருக்கிறது. அவளுக்கும் ஒரு பெயர், ஒரு பாடத்திட்டம், ஒரு தேர்வு, அதற்கேற்ற சம்பளம் என்று சர்க்கார் செய்ய வேண்டிய காரியத்தை நான் அட்டை மாட்டிச் செய்துவிட முடியாது.

கிளினிக்குக்குப் போகிறவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. சிரிஞ்ச் உறையை உங்கள் கண் முன்னால் பிரிக்கச் சொல்லுங்கள். பி.பி. பார்த்தால் எவ்வளவு என்று எண்ணைக் கேட்டு வாங்குங்கள். அப்புறம் முக்கியமானது ஒன்று. வரிசையில் நீங்கள் நிற்கும்போது அந்தப் பெண் கையில் ஊசியோடு ஒரு நொடி தயங்கி, "கொஞ்சம் இருங்க, டாக்டரக் கேட்டுட்டு வந்துர்றேன்" என்று திரும்பிப் போனால், "இதுகூடத் தெரியாமலா வேலைக்கு வந்த?" என்று தயவு செய்து கத்தாதீர்கள். அப்படிச் சொல்ல அவளுக்குத் தைரியம் வர எத்தனையோ மாசம் ஆகியிருக்கும். ஒரே ஒரு கத்தலில் அது போய்விடும். அடுத்த தடவை அவள் கேட்கமாட்டாள். 120/80 என்று எழுதிவிடுவாள்.